எனக்கு நானே எழுதிய செவ்வாய் தோஷம்

“நிரல் எழுதும் தொழிலில் நீங்கள் விட்ட பிழை எப்போதாவது உங்கள் சொந்த வாழ்க்கையைத் தொட்டிருக்கிறதா?” என்பது கேள்வி. தொட்டது என்று சொன்னால் போதாது. என் பிழை படலையைத் திறந்துகொண்டு வந்து, அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துவிட்டது.

கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் பெற்றோரோடு இருந்தபடி கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். காணொளிக் கூட்டம் தொடங்கினால் எங்கள் கூரையில் மயிலும் அகவத் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் வீட்டில் யாரோ அழுகிறார்கள் என்று பதறிப்போய் விசாரிப்பார்கள். குரங்கு வயரில் தொங்கி இணைப்பு அறுந்துவிட்டது என்று நான் சொல்வதைக் குழுத் தலைவர் நெடுநாளாகச் சாட்டு என்றே நினைத்திருந்தார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோதுதான் என் பெயர் மீண்டது. அந்தக் குரங்குக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலுக்கு ஏழரைச் சனி என்றால் அது திகதியும் நேரமும்தான். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ஜனவரிக்கு எண் 0, டிசம்பருக்கு 11. நாட்களோ 1இலிருந்து தொடங்குகின்றன. இதில் வாங்கிய அடிகளைச் சொல்லத் தொடங்கினால் விடிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு கடையின் வாடிக்கையாளர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் நிரல் எழுதினேன். எல்லோருக்கும் ஒரு நாள் முந்தியே வாழ்த்துப் போனது. பிறந்த திகதியை நள்ளிரவு 00:00 என்று வாங்கி, கிரீனிச் நேரத்துக்கு மாற்றிச் சேமித்திருந்தேன். நமது நள்ளிரவு அங்கே முதல்நாள் மாலை 18:30. ஐந்தரை மணித்தியால வித்தியாசத்தில் ஒரு முழு நாள் கழன்றுபோயிற்று. அன்றிலிருந்து தரவுத்தளத்தில் 18:30 என்று எங்கே கண்டாலும் பாம்பைக் கண்டதுபோல் நின்றுவிடுவேன்.

அவ்வளவு பயந்தவள்தான் அடுத்ததையும் செய்தேன்.

கனடாத் தமிழர்களுக்கான திருமண சேவை ஒன்றுக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் செய்தது. குழுவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் சாதகப் பகுதி என் தலையில் விழுந்தது. கிரக நிலையைக் கணிக்க சுவிஸ் எபிமெரிஸ் என்ற ஆயத்த நிரல் தொகுதி இருக்கிறது. கடினமான வானியலை அது பார்த்துக்கொள்ளும். பிறந்த நேரத்தைக் கிரீனிச் நேரமாக மாற்றிக் கொடுப்பது, வருகிற விடையைப் பன்னிரண்டு கட்டங்களில் போடுவது, தோஷம் பார்ப்பது ஆகியவைதான் என் பங்கு. எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. கணக்கில் உண்டு. அந்தத் திமிரோடுதான் எழுதி முடித்தேன்.

அதே நாட்களில் வீட்டில் எனக்குக் கலியாணப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. தரகர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் நெடுங்கேணி, இப்போது டொராண்டோவில் வேலை. குறிப்புகள் கைமாறின. எங்கள் சாத்திரியார் பார்த்து நல்ல பொருத்தம் என்று சொல்லிவிட்டார். அம்மா மனதுக்குள் பலகாரம் சுடவே தொடங்கிவிட்டார். ஒரு வாரம் கழித்துத் தரகரின் அழைப்பு வந்தது. மாப்பிள்ளையின் அக்கா இணையத்தில் என் பிறந்த விபரத்தைப் போட்டுப் பார்த்தாராம். பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் என்று காட்டுகிறதாம். மறைத்துவிட்டீர்களே என்று கேட்கிறார்களாம்.

அம்மா தொலைபேசியை வைத்துவிட்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“எந்தக் கம்ப்யூட்டர் பிள்ளை இப்படிச் சொன்னது?”

நான் இணையத்தளத்தின் பெயரைக் கேட்டேன். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

“நான் எழுதினதுதான், அம்மா.”

அவர் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. விட்டுவிடுகிறேன்.

அம்மாவின் குறிப்புக் கொப்பி ஒரு பொலித்தீன் பைக்குள் காணி உறுதியோடும் அடையாள அட்டைகளோடும் சேர்ந்து 2009 போரைக் கடந்து, செட்டிகுளம் அகதி முகாம்வரை போய்த் திரும்பி வந்தது. எங்கள் வீட்டுப் புகைப்படம் ஒன்றுகூட அப்படி மிஞ்சவில்லை. அதில் சாத்திரியாரின் கையெழுத்தில் இருந்தது: 1998 பெப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, காலை 6.15, மல்லாவி. கும்ப லக்கினம். பிறந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் இராசிதான் லக்கினம், அதிலிருந்துதான் இடங்களை எண்ணுவது. அதே விபரத்தை என் நிரலில் போட்டால் மகர லக்கினம் என்றது. செவ்வாய் இரண்டிலும் கும்பத்தில்தான் இருந்தது. கும்ப லக்கினமென்றால் அது முதலாம் இடம், சிக்கல் இல்லை. மகர லக்கினமென்றால் அதே செவ்வாய் இரண்டாம் இடத்துக்கு வந்துவிடுகிறது. செவ்வாய் 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் இருந்தால் தோஷம் என்ற கணக்கை நிரலில் எழுதியதும் இதே கைதான்.

வழு இருப்பது கொப்பியிலா நிரலிலா? சந்தேகமில்லாமல் கொப்பியில் என்று முடிவு கட்டினேன். சாத்திரியார் பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கிய பஞ்சாங்கம் பார்ப்பவர், நிரல் இன்றைய வானியலை ஒட்டிய திருக்கணிதப்படி போகிறது, அதனால் வந்த வித்தியாசம் என்று அம்மாவுக்கு விரிவுரை நடத்தினேன். இரண்டு இரவு அதையே தோண்டினேன். ஆனால் ஒன்று உறுத்தியது. நட்சத்திரமும் இராசியும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தன. லக்கினமும், அதை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சமும் மட்டும் மாறியிருந்தன. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். லக்கினமோ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்றாக மாறுவது, நவாம்சம் சராசரி பதின்மூன்று நிமிடத்துக்கு ஒன்று. அப்படியானால் பஞ்சாங்கத்தில் குறை தேடி என்ன பயன்? எங்கோ சில நிமிடங்கள் நழுவியிருக்க வேண்டும்.

“ஆறே காலா, ஐந்தே முக்காலா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்” என்று அம்மாவைக் குடைந்தேன்.

அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. “ஆறே கால்தான். மருத்துவிச்சி அம்மா மணிக்கூட்டைப் பார்த்துச் சொன்னவர். எங்கள் நேரம் ஆறே கால். கொழும்பு நேரமென்றால் ஆறே முக்கால்.”

எனக்குத் தலை சுற்றியது. இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. தெரிந்தது, மறந்துபோனது.

வயது குறைந்தவர்களுக்காகச் சொல்கிறேன். 1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாட்டில் மின்வெட்டு வந்தபோது, பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26ஆம் திகதி அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டது. மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15வரை நீடித்தது. இந்த மாற்றம் எதையும் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி, நான் பிறந்த மல்லாவி உட்பட, ஏற்கவில்லை. இங்கே எப்போதும் பழைய ஐந்தரைதான். சின்ன நாட்டில் இரண்டு நேரம். “மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவர்கள் மணியைக் கூட்டினார்கள். எங்களிடம் இருந்தது குப்பி விளக்கு. அதற்கு எந்த மணியைக் கூட்டுவது?” என்பார் அப்பா. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வவுனியாவுக்குப் போகிறவர்கள் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே வைப்பார்கள். அப்பா அதையும் செய்ததில்லை. மனக்கணக்காகக் கூட்டிக்கொள்வார். நாலு வயதில் அந்தப் பஸ்ஸில் அவர் மடியில் இருந்து போன நான், இருபத்தைந்து வயதுக்கு மேல் நிரல் எழுதும்போது அதை நினைக்கவில்லை.

என் நிரல் செய்தது மிக ஒழுங்கான வேலை. உலகத்தில் ஏராளமான கணினிகள் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தில் ‘ஏசியா/கொலம்போ’ என்று எங்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது. 1998இல் அதன்படி ஆறு மணித்தியால வித்தியாசம். என் ஆறே காலிலிருந்து ஆறைக் கழித்தால் கிரீனிச்சில் 0:15. உண்மையில் கழிக்க வேண்டியது ஐந்தரை, விடை 0:45. அரை மணித்தியாலம் முந்தியே என்னைப் பிறக்க வைத்து, மகரத்தில் போட்டு, தோஷமும் சூட்டிவிட்டது.

அன்றிரவு அந்தத் தரவுத்தளத்தின் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இலங்கைக்கான வரிகளுக்கு மேலே, 2006இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியிலிருந்து எடுத்த ஒரு குறிப்பு இருந்தது. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் இந்தியாவோடு ஒத்த ஐந்தரையிலேயே மணிக்கூட்டை வைத்திருந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. யாரோ மெனக்கெட்டுச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அது குறிப்புரை. வரியின் தலையில் ஒரு குறி போட்டுவிட்டால் கணினி அதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மல்லாவியின் பத்து வருடம் அந்தக் குறிக்குப் பின்னால் கிடந்தது. தேநீர் ஆறிப்போகும்வரை அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருத்தம் எளிதாக இருக்கவில்லை. ஊரை வைத்து நேரத்தை முடிவு செய்யலாமா என்றால், முடியாது. அந்தப் பத்து வருடத்தில் எல்லைகள் எத்தனை தடவை நகர்ந்தன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். காலையில் ஒரு நேரத்திலும் பின்னேரம் இன்னொரு நேரத்திலும் இருந்த கிராமங்களைக் கணினிக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது? ஆகவே அந்தக் காலப்பகுதியில் வடக்கு கிழக்கில் பிறந்தவர்களிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்பது என்று தீர்மானித்தேன்: “இந்த நேரம் எந்த மணிக்கூட்டின்படி?” குழுத் தலைவருக்கு இது தேவையில்லாத சிக்கலாகப் பட்டது. ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரமா என்று கேட்டார். குரங்கை நம்பாதவர் அல்லவா. கோப்பிலிருந்த அந்தக் குறிப்புரையை அனுப்பினேன், பேசாமல் அனுமதித்தார். விடைகளுக்குப் பெயர் வைத்தது அம்மா: “பழைய நேரம், புதிய நேரம் என்று போடு. எல்லோருக்கும் விளங்கும்.”

தோஷம் நீங்கிய செய்தியைத் தரகர் டொராண்டோவுக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளையின் அக்கா மன்னிப்புக் கேட்டார். கையோடு தம்பியின் விபரத்தையும் திருத்திய தளத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார். அவர் பிறந்தது 1996 ஜூலையில், வவுனியா ஆஸ்பத்திரியில். வித்தியாசம் முழு ஒரு மணித்தியாலமாக இருந்த மாதங்கள் அவை. ஆஸ்பத்திரி மணிக்கூடு புதிய நேரம். குறிப்பு எழுதிய சாத்திரியாரோ நெடுங்கேணியில், பழைய நேரத்தில். பேரன் பிறந்த நேரத்தைக் கொண்டுபோய்ச் சொன்ன அப்பம்மா ஒரு மணித்தியாலத்தைக் கழித்துச் சொன்னாரா, சாத்திரியார் கழித்தாரா, இருவரும் கழித்தார்களா, ஒருவருமே கழிக்கவில்லையா? அப்பம்மாவும் இல்லை, சாத்திரியாரும் இல்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை மாப்பிள்ளையின் அம்மாவும் என் அம்மாவும் தொலைபேசியில் இதை ஆராய்கிறார்கள். பிரசவ அறையில் மணிக்கூடு எந்தச் சுவரில் இருந்தது என்பதுவரை போய்விட்டார்கள். பேச்சு ஆஸ்பத்திரியில் தொடங்கி, இடம்பெயர்ந்த ஊர்கள், அங்கே பக்கத்துக் கொட்டிலில் யார் இருந்தார்கள் என்று எங்கெங்கோ போகிறது. நேற்று இருவரும் சேர்ந்து சிரித்த சத்தம் கேட்டது. நான் அறைக்குள் போய், பழைய நேரம், புதிய நேரம் என்ற இரண்டுக்கும் கீழே ‘தெரியாது’ என்று மூன்றாவது விடையைச் சேர்த்தேன். அதைத் தெரிவு செய்தால் இரண்டு சாதகமும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.