அப்பாவின் பெண்டாக்ஸ் கே1000: தைப்பூசத்துக்குள் அதைத் தயார் செய்ய முடியுமா?

கேள்வி: அப்பா வைத்திருந்த பெண்டாக்ஸ் கே1000 கேமராவும் 50 மி.மீ. எஃப்/2 லென்சும் தோல் உறையோடு பதினைந்து ஆண்டுகளாக அலமாரியில் கிடந்தன. லென்சுக்குள் சிலந்தி நூல் மாதிரி ஏதோ தெரிகிறது. மீட்டர் முள் அசையவில்லை. பின்மூடி ஓரம் கறுப்பாகப் பிசுபிசுக்கிறது. ஜார்ஜ்டவுனின் அன்றாட வாழ்க்கையை இதில் எடுக்க ஆசை. தைப்பூசத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதன் பிறகு கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்குப் பயணம். எங்கிருந்து தொடங்குவது, எந்த பிலிம் வாங்குவது? – வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: மூன்று மாதம் தாராளம். பிலிம் வாங்கும் அவசரத்தை மட்டும் இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். 1976 முதல் 1997 வரை தயாரான கே1000 முழுக்க இயந்திர விசையில் ஓடும் கேமரா. பேட்டரி இல்லாவிட்டாலும் 1 விநாடியிலிருந்து 1/1000 வரை எல்லா வேகத்திலும் ஷட்டர் வேலை செய்யும். பேட்டரி தேவைப்படுவது வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான். ஆகவே முள் அசையாதது பெரிய நோய் அல்ல. உங்கள் கேமராவின் உண்மையான எதிரி பினாங்கின் ஈரம். நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் லென்சுக்குள் தெரியும் நூல்தான் கவலைக்குரியது.

முதலில் முள்ளைப் பார்த்துவிடுவோம். கேமராவின் அடியில் உள்ள வட்ட மூடியை ஒரு காசை வைத்துத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் அது பழைய பேட்டரி கசிந்த உப்பு. பஞ்சுக் குச்சியின் நுனியை வினிகரில் நனைத்துத் துடைத்து, பிறகு ஆல்கஹால் தொட்ட குச்சியால் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரி ஒன்று போதும். எல்ஆர்44-உம் பொருந்தும். ஆனால் அதன் மின்னழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். எஸ்ஆர்44 கடைசிவரை சமமாக நிற்கும். பிறகு லென்சை ஜன்னல் பக்கம் காட்டி அபர்ச்சர் (ஒளித்துளை) வளையத்தைத் திருப்புங்கள். முள் ஏறி இறங்கினால் மீட்டர் உயிரோடு இருக்கிறது. இந்தக் கேமராவில் மீட்டரை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. எடுக்காத நேரத்தில் லென்ஸ் மூடியைப் போட்டு வைப்பதுதான் சுவிட்ச். மூடியில்லாமல் மேசையில் கிடந்தால் பேட்டரி வீணாகும்.

அடுத்தது ஷட்டர், அதாவது பிலிமுக்கு முன்னால் திறந்து மூடும் இரண்டு துணித்திரைகள். பிலிம் இல்லாமல் பின்மூடியைத் திறந்து, லென்சையும் கழற்றி, வெளிச்சமான சுவரைப் பார்த்தபடி 1/1000-இல் பத்துத் தடவை அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் சட்டம் முழுவதும் ஒரு மின்னலாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாகவே இருந்தால் இரண்டாவது திரை முதலாவதைப் பிடித்துவிடுகிறது என்று பொருள். படத்தில் அந்தப் பக்கம் கறுப்பாக வரும். மெதுவான வேகங்களை அளக்கக் கைபேசியே போதும். நொடிக்கு 240 பிரேம் ஓடும் ஸ்லோமோஷனில் பதிவு செய்து எண்ணிப் பாருங்கள். 1 விநாடிக்கு ஏறத்தாழ 240 பிரேம், 1/30-க்கு 8, 1/60-க்கு 4 வர வேண்டும். 1 விநாடி இரண்டு விநாடியாக இழுத்தால் உள்ளே கிரீஸ் இறுகிவிட்டது. இதற்கு எண்ணெய் விடாதீர்கள். சொட்டு எண்ணெய் துணித்திரைக்குப் பரவினால் சரிசெய்யக்கூடிய கோளாறு சரிசெய்ய முடியாததாகிவிடும். பழைய கேமரா பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உட்புறம் துடைத்து, மசகிட்டு, வேகம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது லென்ஸ். வளையத்தைத் துளை முழுதாகத் திறக்கும் எஃப்/2-க்குத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து கைபேசி டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். கிளை பிரிந்து வேர்போல ஓடினால் பூஞ்சை. புள்ளி புள்ளியாக இருந்தால் வெறும் தூசி, அதனால் படம் கெடாது. பூஞ்சை ஓரத்தில் மட்டும் சிறிதாக இருந்தால் சாதாரண வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது. நடுவிலோ, பிலிமுக்கு அருகிலுள்ள பின்கண்ணாடியிலோ பரவியிருந்தால் எதிர்வெயிலில் படம் புகை மூடியதுபோல் வெளிறும். பூஞ்சை விடும் அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிடும். அரித்த பிறகு துடைத்தால் பூஞ்சை போகும், தழும்பு போகாது. இந்த 50 மி.மீ. எஃப்/2 ஏராளமாகத் தயாரான லென்ஸ். பழையது இன்னொன்று வாங்குவது பல நேரம் சுத்தம் செய்யும் கூலியைவிட மலிவு. அப்பாவின் லென்ஸ் என்பதற்காகவே வைத்துக்கொள்ள விரும்பினால் அது வேறு கணக்கு. அந்தக் கூலி தகும். லென்சைக் கழற்றி வைத்திருக்கும்போதே வளையத்தை எஃப்/16-க்குத் திருப்பி, பின்னால் உள்ள சிறு நெம்பை விரலால் தள்ளி விடுங்கள். துளையைச் சுருக்கும் இதழ்கள் சட்டென்று துள்ளித் திரும்ப வேண்டும். சோம்பலாக நகர்ந்தால் இதழில் எண்ணெய் ஏறியிருக்கிறது. எஃப்/16 வைத்து எடுத்தாலும் துளை முழுதாகச் சுருங்காமல் படம் அதிக வெளிச்சமாகிவிடும்.

அந்தத் தோல் உறையை இன்றே பிரித்து விடுங்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 70 விழுக்காட்டுக்கு மேல். கேமராவுக்கு வேண்டியது 40 முதல் 50. டிரை கேபினட் (உள்ளே ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் கால் கிலோ சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பத மானி. ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் அவனில் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். வெயிலில் காயவைத்தால் நம் காற்றில் சரியாகக் காயாது. 30 விழுக்காட்டுக்குக் கீழே போகவிடாதீர்கள், ரப்பரும் கிரீசும் வறண்டுவிடும்.

பின்மூடியின் பிசுபிசுப்பு, வெளிச்சம் புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை மக்கிப்போனதால் வருவது. வீட்டிலேயே மாற்றலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பல்குத்தும் மரக்குச்சி, பஞ்சுக் குச்சி, ஒட்டும் கறுப்பு நுரை, இவ்வளவுதான். கேமராவைத் தலைகுப்புறப் பிடித்துச் சுரண்டுங்கள், தூள் திரைமேல் விழாமல் கீழே கொட்டும். மூடியின் கீல் பக்கம் 2 மி.மீ. அளவு கனம் வேண்டும், பள்ளங்களுக்கு 1.5 போதும். உள்ளே, படமெடுக்கும்போது மேலே துள்ளும் பிரதிபலிப்புக் கண்ணாடி மோதும் இடத்திலும் ஒரு பட்டை உண்டு. அங்கே வேலை செய்யும்போது கண்ணாடியை விரலாலோ துணியாலோ தொடக் கூடாது, அதன் பிரதிபலிக்கும் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது. மேலே உள்ள ஃபோகஸ் திரையில் ஆல்கஹால் பட்டால் பிளாஸ்டிக் மங்கிவிடும்.

இதற்குப் பிறகுதான் முதல் ரோல். அதைச் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். திருவிழாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஏற்றும்போது பலரும் தவறுவது ஒரே இடத்தில்: பிலிம் நுனியைச் சுருளில் செருகி, மேலும் கீழுமாக இரண்டு பக்கத் துளைகளும் பற்சக்கரத்தில் மாட்டிய பிறகே மூடியைச் சாத்த வேண்டும். சாத்தியதும் இடப்பக்கத்துச் சுற்றுக் குமிழைக் கடிகார திசையில் மெல்லத் திருப்பி இறுக்கம் வருகிறதா பாருங்கள். அடுத்து, பிலிமை நகர்த்தும் நெம்பை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் பிலிம் நகரவில்லை. 36 படமும் எடுத்த நினைப்பில் வெற்று பிலிமைக் கழுவக் கொடுப்பீர்கள். ஷட்டர் வேகக் குமிழின் வெளிவளையத்தைத் தூக்கித் திருப்பி பிலிம் வேகத்தை (ஐஎஸ்ஓ எண்) வைக்க மறக்காதீர்கள். முடிவில் நெம்பு இறுகினால் பலவந்தம் வேண்டாம். அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி, கைப்பிடியை அம்புக்குறி திசையில் சுற்றி, பிடி தளரும்வரை பிலிமை உள்ளே இழுத்த பிறகே மூடியைத் திறங்கள்.

பிலிம் கழுவும் லேபில் நெகட்டிவைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். நோய் எது என்று நெகட்டிவ்தான் சொல்லும். படமில்லை, ஆனால் ஓரத்து எழுத்தும் எண்ணும் இருக்கிறது என்றால் பிலிம் ஓடவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. ஓர எழுத்தும் இல்லையென்றால் கோளாறு கழுவிய இடத்தில். கலர் படத்தில் துளைப்பக்கத்திலிருந்து சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ தீற்றல் வந்தால் நுரைப்பட்டை கசிகிறது. பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் முதலில் தொடுவது சிவப்பை உணரும் அடுக்கை, அதனால்தான் அந்த நிறம். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நகர்த்தும் பற்சக்கரத்தில் கோளாறு. எல்லா நெகட்டிவும் கருகருவென்று அடர்த்தியாக இருந்தால் இதழ் ஒட்டுகிறது, இல்லை ஷட்டர் மெதுவாகிவிட்டது.

பிலிமைப் பொறுத்தவரை, ஜார்ஜ்டவுனுக்கு ஐஎஸ்ஓ 400 கலர் நெகட்டிவைத்தான் சொல்வேன். அல்ட்ராமேக்ஸ் 400 போதும். குமிழில் 400 வைக்காமல் 200 வையுங்கள், லேபில் வழக்கம்போலக் கழுவச் சொல்லுங்கள். கலர் நெகட்டிவ் ஒரு படி (அதாவது இரு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தைச் சிரமமில்லாமல் தாங்கும், குறைந்தால் நிழல்கள் சேறாகிவிடும். லெபோ பந்தாயில் நடந்தால் இது உடனே புரியும். தெருவில் வெயில் கொளுத்தும், இரண்டடி தள்ளி அஞ்சடிக்குள் (கடைகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை) பூக்கட்டும் அம்மா நிழலில் இருப்பார். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு படி வித்தியாசம். கே1000 மீட்டர் காட்சி முழுவதையும் சராசரியாகத்தான் பார்க்கும். பின்னால் தெரியும் தெருவின் பளிச்சை நம்பி அந்த அம்மாவை நிழலுருவமாக்கிவிடும். அஞ்சடிக்குள் நின்று, தெரு தெரியாதபடி தரையையோ சுவரையோ அளந்து, அந்த அளவை மாற்றாமல் படத்தை எடுங்கள்.

முள்ளே வேலை செய்யாவிட்டாலும் பாதகமில்லை. குமிழில் 200, வேகம் 1/250 என்று வைத்துக்கொண்டால் நிழல் கூர்மையாக விழும் வெயிலுக்கு எஃப்/16, மங்கல் வெயிலுக்கு எஃப்/11, மெல்லிய மேகத்துக்கு எஃப்/8, மழைமேகத்துக்கு எஃப்/5.6, திறந்த நிழலுக்கு எஃப்/4. அஞ்சடியின் உட்பகுதிக்கு 1/125-இல் எஃப்/2.8. கோப்பிக்கடைக்குள் 1/60-இல் எஃப்/2. கையில் பிடித்து எடுக்க 1/60 தான் எல்லை. அதற்குக் கீழே தூணில் சாயுங்கள்.

தைப்பூசத்தில் மீட்டர் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். அது எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். திருநீறு பூசிய உடம்பு, வெள்ளை வேட்டி, பால்குடத்து வெள்ளைத் துணி நிறைந்திருந்தால் ஒரு படி கூட்டுங்கள். உங்கள் உள்ளங்கை நல்ல அளவுகோல். நம்மில் கறுத்தவர், மாநிறத்தவர் யாராக இருந்தாலும் உள்ளங்கை வெளிர்தான். முகத்தில் விழும் அதே வெளிச்சத்தில் கையைக் காட்டி அளந்து, ஒரு படி திறந்தால் முகம் சரியாக வரும். தேர் போகும் வழிநெடுக உடையும் தேங்காயை உறையவைக்க 1/500 அல்லது 1/1000 வேண்டும். இளநீர் தெறிக்கும், சிரட்டையும் பறக்கும். 49 மி.மீ. யூவி ஃபில்டரைப் போட்டுக்கொண்டு தள்ளி நில்லுங்கள். நீர் பட்டால் அன்று இரவே ஈரத்துணியால் துடையுங்கள், சர்க்கரை ஒட்டினால் வளையம் பிடித்துக்கொள்ளும்.

இரவுக்குத் தனி ரோல்: இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ். குமிழில் 1600 வைத்து, லேபில் இரண்டு படி புஷ் (கூடுதல் நேரம் கழுவுவது) என்று டப்பாமேல் எழுதிக் கொடுங்கள். ஒரு ரோல் முழுக்க ஒரே வேகம், நடுவில் மாற்றக் கூடாது. தண்ணீர்ப் பந்தல்களின் வண்ண எல்இடி விளக்கில் கலர் பிலிம் முகங்களை ஊதாவாக்கிவிடும், கறுப்பு வெள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. எல்இடி துடிப்பதால் 1/250-இல் பட்டை பட்டையாக வரலாம், 1/60-இல் பிடியுங்கள். அருள் வந்தவரின் முகத்தில் ஃபிளாஷ் அடிக்க வேண்டாம். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலையின் 500-க்கும் மேற்பட்ட படிகளில் ஏறும்போது கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். நாள் ஒன்றுக்கு இரண்டு கலர், ஒரு எச்பி5 போதும்.

பிலிமைக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள், இல்லாவிட்டால் பிலிம்மேல் நீர் பூக்கும். கேமராவுக்கும் அதுவே. ஏர்கான் அறையிலிருந்தோ ரயிலிலிருந்தோ இறங்கினால் பையை மூடியபடியே இருபது நிமிடம் வெளிக்காற்றில் வைத்த பிறகு திறங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பிலிமை விடாதீர்கள்.

திருச்சிப் பயணத்தில் பிலிமைச் செக்இன் பெட்டியில் ஒருபோதும் போடக் கூடாது, அந்த எக்ஸ்ரே பலமானது. கைப்பையைப் பார்க்கும் பழைய எக்ஸ்ரேயில் ஐஎஸ்ஓ 400 ஓரிரு முறை போனால் கெடாது. புதிய சி.டி. (CT) ஸ்கேனர் ஒரே தடவையில் பிலிமை மூட்டமாக்கிவிடும். வேகம் கூடக்கூட எக்ஸ்ரே பிலிமை எளிதில் தாக்கும் என்பதால், 1600-க்கு புஷ் செய்யும் ரோலை 1600 ஆகவே கணக்கிடுங்கள். எல்லா ரோலையும் பிளாஸ்டிக் குப்பியிலிருந்து எடுத்து, வெளியே தெரியும் ஜிப் பையில் போட்டு, வரிசையில் கூட்டம் குறைவான நேரத்தில் கையில் நீட்டிக் கேளுங்கள்: ‘என்சிக், இனி பிலெம் கமேரா, தோலோங் பெரிக்சா டெங்கான் தாங்கான்’ (ஐயா, இது கேமரா பிலிம், தயவுசெய்து கையால் சோதியுங்கள்). கேமராவுக்குள் பாதி ரோலோடு போகாதீர்கள்; உள்ளே என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்கச் சொன்னால் படம் போய்விடும். எடுத்து முடித்த ரோல்களை ஊர் திரும்பிய அந்த வாரமே கழுவக் கொடுத்துவிடுங்கள்.