பசளை மானியம் யார் கணக்கில் போகிறது?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கிளிநொச்சி மாவட்டத்தில் அப்பா விட்டுச்சென்ற 5 ஏக்கர் வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறோம். குத்தகைக்காரர் தமக்குப் பசளை மானியம் கிடைக்கவில்லை என்கிறார். அந்த வயலைக் காட்டி வேறு யாரோ பணம் எடுப்பதாக ஊரில் பேச்சு. கமநல சேவை நிலையத்தில் விசாரித்தால், "மற்றவர்களின் தனிப்பட்ட விபரத்தைத் தர முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மானியம் காணிச் சொந்தக்காரருக்கு உரியதல்ல, பயிர் செய்பவருக்கு உரியது. ஆகவே பட்டியலில் உங்கள் பெயர் இல்லாதது முறைகேடு ஆகாது. குத்தகைக்காரர் பெயரும் இல்லாமல் மூன்றாம் ஆள் ஒருவர் இருந்தால்தான் விவகாரம். 2024/25 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா அறிவிக்கப்பட்டது. உங்கள் வயல் ஏறத்தாழ 2 ஹெக்டேயர். ஒரு போகத்துக்கே 50,000 ரூபா வரை போகிறது.

வாயால் கேட்டு வாயால் மறுக்கப்பட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம், கொழும்பிலுள்ள கமநல அபிவிருத்தித் திணைக்களத் தலைமையகத்துக்கு எழுதினாலும் அப்படித்தான். ஆனால் இலங்கைப் பிரசைக்கே இந்த உரிமை உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்திருந்தால், இலங்கைக் குடியுரிமையுள்ள உடன்பிறப்பு ஒருவர் கையொப்பமிடட்டும்.

அதிகாரி சொன்ன காரணம் 5(1)(அ) பிரிவிலிருந்து வருகிறது. தனிப்பட்ட தகவலை மறுக்கலாம் என்ற முதற்பாதியைப் படித்துவிட்டுச் சட்டப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பெரிய பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் மிகுந்தால் மறுக்கவே கூடாது என்கிறது 5(4). திறைசேரிப் பணம் யாருக்குப் போனது என்பதைவிடப் பொதுநலன் சார்ந்தது வேறென்ன? அதற்காக அந்தரங்க வாதத்தை வெறும் சாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. விவசாய மானியம் பெற்ற தனியாட்களின் பெயர்களை எந்த வேறுபாடுமின்றி இணையத்தில் போடுவது மிகையானது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. எனவே கேள்வியை ஒடுக்கமாக வையுங்கள்:

"இன்ன பதிவிலக்கமுடைய வயற்காணி தொடர்பில், 2024/25 பெரும்போகத்துக்குப் பசளை மானியம் பெற்றவரின் பெயர், பதிவான பரப்பளவு, செலுத்திய தொகை, திகதி; அக்காணியின் பயிர்ச்செய்கையாளராக அவரைப் பதிவதற்கு ஆதாரமாகக் கொண்ட ஆவணங்களின் பிரதி."

அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் கேட்காதீர்கள். கேட்டால் மறுப்பதற்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும். ஆவணத்தில் அவை இருந்தால் மறைத்துவிட்டு மிகுதியைத் தரலாம். 6 ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். மறுத்தால் அல்லது பேசாமல் இருந்தால், அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகையை முதல் நாளே எழுத்தில் வாங்கிவிடுங்கள்; தவணைக் கணக்கெல்லாம் அதைப் பிடித்துத்தான் ஓடும்.

பெயர் கையில் கிடைத்ததும் பொலிஸுக்கு ஓட வேண்டாம். பழைய குத்தகைக்காரரின் பெயர் நீக்கப்படாமல் கிடக்கவும் கூடும். அப்படியானால் இப்போதைய குத்தகைக்காரர், குத்தகை ஒப்பந்தத்தோடும் கமக்காரர் அமைப்பின் கடிதத்தோடும் பதிவைத் திருத்தக் கோரினால் போதும். உங்கள் குத்தகை வாய்ப்பேச்சாகவே இருக்கிறதா? அப்படியென்றால் முதலில் அதை எழுத்தில் போடுங்கள்.