படகை விற்க வேண்டாம்

போன வாரம் பாம்பனிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்ணுக்குப் பத்தொன்பது நடக்கிறது. நீட் இரண்டு முறை எழுதியும் அரசு இடத்துக்கு மார்க் எட்டவில்லை. "மார்க்குக்காக வரல டீச்சர். நேத்து ராத்திரி இவ, 'எதுக்காக இருக்கேன்னே தெரியலம்மா'ங்குறா. அதுலருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல" என்றார்.

பெண்ணைத் தனியாக உட்காரவைத்து ஒளிவுமறைவில்லாமல் கேட்டேன். சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்ல டீச்சர். யாருக்காகப் படிக்கிறேன்னு தெரியல, அதைத்தான் சொன்னேன்" என்றாள். நம்பினேன். அப்படித் தோன்றுகிற பிள்ளையாக இருந்தால் கோர்ஸ் பேச்சையே எடுக்கக் கூடாது. 14416 என்ற டெலி-மனஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அம்மாவின் ஃபோனில் அதைப் பதிந்து கொடுத்தேன்.

என்னால் சொல்ல முடிந்த ஆறுதல் அவ்வளவுதான். மற்றபடி அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. அதை அடக்க வீடு முழுக்க ஆள் திரண்டு நிற்பதுதான் கோளாறு.

பெரியப்பா சொல்கிறாராம்: "டாக்டரானா ஊருக்கே சேவை. இதைவிட வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் வேணும்?" இதில் 'ஊருக்கே சேவை' என்பதை எடுத்துவிட்டு 'நம்ம வீட்லயும் ஒரு டாக்டர்' என்று போட்டுப் பாருங்கள். பெரியப்பாவுக்கு ஒன்றும் குறையாது. தாய்மாமா சவூதியிலிருந்து வாய்ஸ் மெசேஜ் போடுகிறார்: ஜார்ஜியா நாட்டில் எம்பிபிஎஸ் சீட் இருக்கிறது, ஏஜென்ட் தெரிந்தவர், படகை விற்றுவிட்டு மீதிக்கு லோன் போடலாம்.

அம்மா, இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் படகுதான் உங்கள் வீட்டு அடுப்பு. வெளிநாட்டில் எம்பிபிஎஸ் முடித்து வந்தாலும் இங்கே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். அதில் தேறாதவர்கள்தான் பெரும்பகுதி. தேறியவர்களும் இங்கே ஒரு வருடம் பயிற்சி மருத்துவராக இருந்தாக வேண்டும். ஏஜென்ட் இதையெல்லாம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார். பிள்ளைக்கு அந்தப் படிப்பில் வெறி இருந்தால் இந்தக் கணக்கை வேறு மாதிரிப் போடலாம். இவளுக்கு அது இல்லை. பிள்ளைக்கே விருப்பமில்லாத ஒன்றுக்காகப் படகை விற்காதீர்கள்.

"கலாம் பிறந்த மண்ணு இது, பெருசா கனவு காணணும்" என்றும் யாரோ சொன்னார்களாம். இந்தக் கடற்கரையில் அந்தப் பெயரைச் சொல்லாமல் யாரும் புத்திமதி சொல்வதில்லை. சரி, அவர் கதையையே பார்ப்போம். திருச்சியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த பிறகுதான் அது தனக்கான படிப்பு இல்லை என்று அவருக்கே தெரிந்தது. அப்புறம் சென்னைக்குப் போய் விமானப் பொறியியல் படித்தார். விமானி ஆகும் ஆசையில் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். எட்டு இடம், இவர் ஒன்பதாவது. அவருக்கே பதினெட்டு வயதில் இலக்கு தெளிவாக இல்லை. உங்கள் மகளை மட்டும் ஏன் அவசரப்படுத்துகிறீர்கள்?

இன்ஜினியரிங், நர்சிங் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைச் சொல்லத் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

நான் அவளிடம், யாரும் சொல்லாமலே நீ செய்வது என்ன என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அம்மாச்சி கடல்பாசி எடுக்கப் போகிறவர். லீவு நாளில் இவளும் மிதவைக்குப் பாசி கட்டப் போவாளாம். மூங்கில் மிதவையில் கயிற்றில் கட்டி விட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுக்கலாம். கோடையில் கடல் சூடேறினால் அதே பாசி வெளுத்து உதிர்ந்துவிடும். எந்தத் தேதியில் வெளுத்தது, அன்று கச்சான் காற்று அடித்ததா, தண்ணீர் கலங்கியிருந்ததா என்று நீட் பயாலஜி நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள், இரண்டு வருடமாக. "சும்மாதான் எழுதுனேன் டீச்சர்" என்கிறாள். முன்பக்கம் எழுத ஆளாளுக்கு அதட்ட வேண்டியிருந்த பிள்ளை, பின்பக்கத்தை யாரும் கேட்காமலே நிரப்பியிருக்கிறாள்!

அதனால் பி.எஃப்.எஸ்சி. என்ற நாலு வருட மீன்வளப் படிப்பைச் சொன்னேன். அம்மா முகம் சுருங்கிவிட்டது. "மீன் வேலைல இருந்து தப்பிக்கத்தானே டீச்சர் படிக்க வைக்கிறோம்?" என்றார். வலையிழுக்கிற வேலை அல்ல இது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 2012-ல் நாகப்பட்டினத்தில் மீன்வளத்துக்கென்றே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. பொன்னேரியிலும் தலைஞாயிறிலும் கல்லூரிகள் உண்டு. நீட் வேண்டாம், ப்ளஸ் டூ மார்க்கில்தான் சேர்க்கை. இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் இவளிடம் இருக்கிறது. குஞ்சு பொரிப்பகம், குளம் வெட்டுவது, மீன் நோய், தண்ணீர்ச் சோதனை, பதப்படுத்துதல், வலை, படகு எல்லாம் பாடத்தில் வரும். கடைசி வருடம் வகுப்பறையை விட்டு மீனவர் ஊர்களுக்கும் நிறுவனங்களுக்கும் அனுப்புவார்கள்.

மீனவர் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு. ஆறாவதிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் கேட்கலாம். அதில் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். தாய்மாமா சொல்கிற தொகையோடு இதை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். விண்ணப்பிப்பதற்கு முன் இந்த வருட அறிவிப்பில் வயது வரம்பைப் படித்துவிடுங்கள்.

படித்து முடித்தால் மீன்துறை ஆய்வாளர் பணிக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம். வங்கிகளில் வேளாண் கள அலுவலர் வேலைக்கும் இந்தப் பட்டம் செல்லும், பலருக்கு அது தெரியாது. மேலே படித்தால் ஆராய்ச்சி. மறைக்கவும் இல்லை: இடங்கள் குறைவு, அரசு அறிவிப்பு வருடாவருடம் வராது, பண்ணை வேலையில் ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது.

'அர்த்தம்' என்று பெரியப்பா சொன்னாரே, அதற்கும் ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி சின்ன வயதிலிருந்து பாசி எடுத்தவர். பாசி எடுக்கும் பெண்களின் உரிமைக்காக நின்றார். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் எடுப்பது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கொண்டார்கள். 2015-ல் அவருக்கு சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. என் வாழ்க்கைக்கு அர்த்தம் என்ன என்று முதலில் கண்டுபிடித்துவிட்டா அவர் கடலில் இறங்கினார்?

அம்மா, நான் சொன்னதையும் இவள் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பெரியப்பாவின் இடத்தில் டீச்சர் வந்து உட்கார்ந்தால் என்ன பிரயோஜனம்? அவள் முதலில் பார்க்கட்டும். ரோடு பாலம் தாண்டினால் மண்டபம். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1971 வரை அங்கேதான் இருந்தது, இப்போது மண்டல மையம் இருக்கிறது. ஒரு வேலை நாளில் பஸ் ஏறுங்கள். பாசி ஏன் வெளுக்கிறது என்று அங்கே யாரிடமாவது அவளே கேட்கட்டும், நீங்கள் கேட்காதீர்கள். அந்த நோட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம்.