கப்பலின் அகலத்தை ஏன் ‘பீம்’ என்கிறார்கள்?
பழைய ஆங்கிலத்தில் ‘பீம்’ என்றால் மரம். மண்ணில் வேர்விட்டு நிற்கிற மரமேதான். ஜெர்மன் மொழியில் அதன் உறவுச் சொல்லான ‘பௌம்’ இன்றும் மரத்தைத்தான் குறிக்கிறது. வெட்டிச் செதுக்கிய உத்தரத்துக்கும் ஆங்கிலத்தில் ‘பீம்’ என்றே பெயர். மரக்கப்பலில் மேல்தளத்தைத் தாங்க, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை உத்தரங்களைக் குறுக்கே போடுவார்கள். அப்புறம் அந்தக் குறுக்களவே, அதாவது கப்பலின் அகலமே, ‘பீம்’ ஆகிவிட்டது.

நமக்கு இது புதிதா என்ன? வாசலில் நிற்பதும் மரம், கதவு செய்வதும் மரம், கடலில் போவது கட்டுமரம்.

ஆங்கிலத்தில் நிற்கும் மரத்துக்கு ‘ட்ரீ’ நிலைத்துவிட்டது. பழைய பொருள் ‘ஹார்ன்பீம்’ போன்ற மரப்பெயர்களில் ஒளிந்திருக்கிறது. உத்தரத்துக்கு ஆகும் மரம் என்பதால் வந்த பெயர் என்று பலர் நினைப்பார்கள். இல்லை, ‘ஹார்ன்’ என்றால் விலங்கின் கொம்பு; அதுபோல் கடினமான மரம், அவ்வளவுதான்.