‘தௌ’ என்பது நீயா, தேவரீரா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. என் பழைய மாணவியர் சிலர் மேடையேற்றுவதற்காக ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ நாடகத்திலிருந்து முதல் காட்சியையும், மன்னனும் அவன் இளைய மகள் கார்டீலியாவும் மீண்டும் சந்திக்கும் காட்சியையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் வரும் ‘தௌ’ என்ற பழைய சொல்லை ‘நீ’ என்று எழுதினேன். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவிலுள்ள தோழி, “ஆங்கில ஜெபத்தில் ஆண்டவரை அழைக்கும் சொல் அது; ‘தேவரீர்’ என்றோ ‘நீர்’ என்றோதான் எழுத வேண்டும்” என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் பேரனோ, அது அவமரியாதைச் சொல் என்று வாதிடுகிறான். யார் சொல்வது சரி? அந்தச் சொல் ஏன் வழக்கொழிந்தது?

– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள அம்மையாருக்கு, நீங்கள் முதலில் எழுதிய ‘நீ’ சரியான தொடக்கம். உங்கள் தோழி சொல்வது அந்தச் சொல் கடைசியாகக் குடியிருந்த வீட்டை வைத்து. உங்கள் பேரன் சொல்வது அது சினத்தில் வெளிப்பட்ட சில தருணங்களை வைத்து. இரண்டும் உண்மையின் ஓரங்கள்தாம். ஆனால் மொழிபெயர்ப்பவருக்கு அந்த ஓரங்கள் போதாது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘தௌ’ என்ற சொல்லுக்கு மரியாதையோடும் தொடர்பில்லை, அவமரியாதையோடும் தொடர்பில்லை. எதிரில் நிற்பவர் ஒருவர் என்றால் அந்தச் சொல். பலர் என்றால் ‘யீ’. இருவரை மட்டும் சுட்டுவதற்குத் தனியாக ஓர் இருமைச் சொல்லும் அப்போது இருந்து, பின்னர் மறைந்துபோயிற்று. அரசனானாலும் அடிமையானாலும் ஒருவன் ஒருவனே. புறநானூற்றுப் புலவர்கள் முடியுடை வேந்தரை ‘நீ’ என்று விளித்துப் பாடியதை வாசித்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்க வேண்டியதில்லை. இன்று ஆங்கிலத்தில் எல்லாருக்கும் பொதுவாகிவிட்ட ‘யூ’, அந்த ‘யீ’ என்பதன் வேற்றுமை வடிவமாக மட்டுமே இருந்தது. நம் ‘நீங்கள்’ என்பதற்கு ‘உங்களை’, ‘உங்களுக்கு’ எப்படியோ அப்படி. ‘தௌ’ என்பதற்கும் அவ்வாறே ‘தீ’ என்ற வடிவம் உன்னை, உனக்கு என்ற பொருளிலும், ‘தை’ என்ற வடிவம் உன், உன்னுடைய என்ற பொருளிலும் வழங்கின.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு அரசவையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. உயர்ந்தவர் ஒருவரையே பன்மையில் அழைக்கும் பழக்கம் பிரெஞ்சில் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி அது ஆங்கிலத்துக்குள்ளும் படிப்படியாக இறங்கியது. நம் தொல்காப்பியம் இதே செயலைத் தமிழில் கண்டு, ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உள்ள உயர்சொல் கிளவி என்றும், அது இலக்கண நெறியால் வந்தது அன்று என்றும் எழுதிவைத்திருக்கிறது. அவ்வளவு தொன்மையான நூல், மரியாதைப் பன்மை என்பது மக்கள் வழக்கு மொழிக்குள் செய்த ஏற்பாடு என்று பிரித்துச் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. இந்த நூற்பாவை நினைவில் வைத்திருங்கள். சற்றுப் பின்னால் மீண்டும் தேவைப்படும்.

பன்மை மேலே ஏறியபோது, ஒருமை தானாகவே கீழே நின்றுவிட்டது. எசமானர் வேலைக்காரரிடமும், பெற்றோர் பிள்ளையிடமும் ‘தௌ’ என்றனர். மறுமொழி ‘யூ’ என்று வந்தது. காதலரும் நெருங்கிய நண்பரும் தனிமையில் ‘தௌ’ என்றனர். எளிய மக்கள் தமக்குள் அப்படியே பேசிக்கொண்டனர். மரியாதைக்குரிய ஒருவரை, அதற்கு இடமில்லாத நேரத்தில் அப்படி அழைத்தால் அது வசை. நாம் ‘ஏகவசனத்தில் பேசினான்’ என்று சொல்வோமே, அதற்கு நிகராக அந்தப் பெயரையே வினைச்சொல்லாக்கி ஒருவரை ‘தௌ’ செய்வதாக ஆங்கிலத்தில் சொன்னார்கள். 1603 நவம்பரில் வின்செஸ்டர் நகரில் வால்டர் ராலே மீது இராசத் துரோக வழக்கு நடந்தபோது, அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த எட்வர்டு கோக் அவரை விரியன் பாம்பு என்று ஏசி, “துரோகியே, உன்னை ‘நீ’ என்றே அழைக்கிறேன்” என்ற கருத்தில் முழங்கினார். அரசவையில் ஒளி வீசிய ஒரு வீரரை அத்தனை பேர் முன்னிலையில் சிறுமைப்படுத்த அந்த ஒரு பிரதிப்பெயர் போதுமானதாக இருந்தது. உங்கள் பேரன் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

ஆனால் அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அதே சொல்லை ஒரு கூட்டத்தார் அறமாகவே கையில் எடுத்தனர். 1624-இல் பிறந்த ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், ஒருவரைப் பலர்போல் அழைப்பது பொய் என்றும், செல்வருக்கு ஒரு சொல்லும் ஏழைக்கு ஒரு சொல்லும் வைத்திருப்பது செருக்குக்குத் தீனி என்றும் கருதி, நீதிபதி முதல் பணியாள் வரை எல்லாரையும் ‘தௌ’ என்றே அழைத்தனர். அதற்காக அடிபட்டனர், தங்கள் உயிருக்கே ஆபத்து நேர்ந்த வேளைகள் உண்டு என்று ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். 1660-இல் அவரும் தோழர் இருவரும், பல மொழிகளிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் திரட்டி, ஒருமைக்கு ஒருமையும் பன்மைக்குப் பன்மையுமே சரி என்று நிறுவ ஒரு நூலையே அச்சிட்டனர். அவர்கள் சொன்ன இலக்கணமும் தொல்காப்பியர் கண்ட இலக்கணமும் ஒன்றே. வழக்கினால் ஆகியது என்று ஏற்று அவர் கடந்து சென்ற இடத்தில், இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம் என்று நின்றார்கள். ஒரு பிரதிப்பெயருக்காக அடி வாங்கிய அந்த மனிதர்கள்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

அது வழக்கொழிந்ததன் காரணத்தை ஒரே வரியில் அடக்க இயலாது. நகரத்தில் அறிமுகமில்லாதவரோடு பேச வேண்டிய நிலை பெருகும்போது, எதிரில் நிற்பவரின் தகுதி தெரியாத இடத்தில் பன்மையே பாதுகாப்பானது. மிகையான மரியாதைக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை, குறைவான மரியாதையோ கைகலப்பில் முடியும். ஷேக்ஸ்பியர் எழுதிய காலத்திலேயே மேல்தட்டினரின் இயல்பான பேச்சு ‘யூ’ ஆகிவிட்டிருந்தது. 1700-ஐ ஒட்டி, பொது ஆங்கிலத்தின் அன்றாடப் பேச்சிலிருந்து ‘தௌ’ ஏறத்தாழ நீங்கிவிட்டது. யார்க்ஷயர் போன்ற வடபகுதிகளின் நாட்டுப்புறப் பேச்சில் மட்டும் ‘தா’ என்று தேய்ந்த வடிவில் இருபதாம் நூற்றாண்டிலும் அது உயிரோடு இருந்தது.

இனி உங்கள் தோழியின் கருத்துக்கு வருகிறேன். வில்லியம் டிண்டேல் 1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, ஒருமைக்குத் ‘தௌ’, பன்மைக்கு ‘யீ’ என்ற பழைய எண் வேறுபாட்டையே கடைப்பிடித்தார். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பும் அவ்வழியே சென்றது. அங்கே பிதாவும் ‘தௌ’, சாத்தானும் ‘தௌ’. ஜெபத்தில் “உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக” என்று நாம் சொல்லும் இடத்திலும், வனாந்தரத்தில் “அப்பாலே போ சாத்தானே” என்று இயேசு விரட்டும் இடத்திலும் அந்த ஆங்கிலப் பதிப்பு ஒரே பிரதிப்பெயரின் வடிவங்களைத்தான் வைத்திருக்கிறது. மூலமான கிரேக்கத்திலும் இரண்டும் ஒருமையே. நம் வேதாகமத் தமிழ்தான் ஒன்றை ‘உம்முடைய’ என்றும் மற்றொன்றை ‘போ’ என்றும் பிரித்தது, ஏனெனில் தமிழ் பிரிக்கச் சொன்னது. உங்கள் தோழியிடம் இந்த இரண்டு வசனங்களையும் இரு மொழிகளிலும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். சாத்தானைத் ‘தேவரீர்’ என்று அழைக்க அவர் சம்மதிக்க மாட்டார்.

அந்த வேறுபாட்டின் பயன் என்ன என்பதற்கு லூக்கா 22-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சாத்தான் கோதுமையைப் புடைப்பதுபோல ‘உங்களை’ப் புடைக்கக் கேட்டுக்கொண்டான் என்று சீமோனிடம் சொல்லும் இயேசு, அடுத்த வசனத்தில் ‘உன்’ விசுவாசம் ஒழிந்துபோகாதபடி ‘உனக்காக’ வேண்டிக்கொண்டேன் என்கிறார். சோதனை சீடர் எல்லாருக்கும். வேண்டுதல் அந்த ஒருவனுக்கு. ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் இது தெளிவாகத் தெரியும். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் ‘யூ’ ஆகிவிடுவதால், அடிக்குறிப்பு இல்லாமல் அந்த நுட்பம் புலப்படாது. தமிழில் வாசிப்பவர் அதை இழப்பதே இல்லை.

தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் ‘தௌ’ நீங்கிய பிறகு, அது ஒலித்த இடம் பெரும்பாலும் கோயிலும் கவிதையுமே ஆயிற்று. கடவுளிடம் மட்டுமே கேட்கும் சொல் கடவுளுக்கே உரிய உயர்ந்த சொல் என்று பின்வந்தவர்கள் எண்ணியதில் தவறு காண முடியாது. 1952-இல் முழுமையாக வெளிவந்த, ஆங்கில வேதாகமத்தின் திருத்திய அமெரிக்கப் பதிப்பு இந்த எண்ணத்தை விதியாகவே ஆக்கிவிட்டது: மனிதரை அழைக்கும் இடங்களில் ‘தௌ’ என்பதை நீக்கி ‘யூ’ என்று மாற்றிய அப்பதிப்பு, கடவுளை நோக்கிய வேண்டுதல்களில் மட்டும் பழைய சொல்லை விட்டுவைத்தது. டிண்டேல் அறியாத ஒரு வேறுபாடு இவ்வாறு பிறந்தது. 1989-இல் வந்த அடுத்த திருத்தம் அங்கிருந்தும் அதை எடுத்துவிட்டது. ஆகவே உங்கள் தோழி செவியால் உணர்கிற மரியாதை பொய்யன்று, பின்னாளில் வந்து சேர்ந்தது. கடவுளை ஒருமையில் அழைப்பதன் பழைய இனிமை எப்படிப்பட்டது என்பதைத் திருப்பாவை நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது: அறியாத பிள்ளைகளாகிய நாங்கள் அன்பினால் உன்னைச் சிறுபேர் சொல்லி அழைத்ததற்குச் சீறாதே என்று ஆண்டாள் இறைஞ்சும் இடத்தை ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மேசைமீது இருக்கும் வேலை. முதல் காட்சியில் நாட்டை மகள்களுக்குப் பங்கிடும் லியர், தன்மீதுள்ள அன்பைச் சொல்லும்படி இளைய மகளைக் கேட்கும்போது ‘யூ’ என்கிறான். அவையின் நடுவே செல்ல மகளுக்குத் தரும் பெருமை அது. அவள் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும், பேச்சைத் திருத்திக்கொள் என்று எச்சரிக்கும் வரை அதுவே தொடர்கிறது. “உன் மனமும் இதையே சொல்கிறதா” என்று கேட்கும் வரியில்தான் பிரதிப்பெயர் மாறுகிறது. பிறகு அவள் உண்மையே அவளுக்குச் சீதனமாகட்டும் என்று கைகழுவும்போது ‘தை’ என்பது இருமுறை விழுகிறது. தமிழில் தகப்பன் மகளை ‘நீங்கள்’ என்று அழைத்தால் அவையோர் குழம்புவார்கள். எனவே இரண்டையும் ‘நீ’ என்றே வைத்து, முதல் பகுதியில் “சொல்லம்மா”, “மகளே” என்ற விளிகளைத் தாராளமாகப் பெய்து, திரும்பும் இடத்தில் அவற்றை அடியோடு நிறுத்திவிடுங்கள். ‘அம்மா’ என்பது நின்றுபோவதைத் தமிழ்ச் செவி உடனே கேட்டுவிடும்.

கார்டீலியாவுக்காகப் பரிந்து பேசும் கென்ட் பிரபுவிடம் உங்களுக்கு இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. மன்னனைத் தந்தையாகவும் தலைவனாகவும் போற்றி மரியாதையோடு தொடங்கும் அவன், மன்னன் அறிவிழந்தால் தானும் பணிவிழக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, கிழவனே என்று அழைத்துத் ‘தௌ’ என்கிறான். இங்கே தயக்கமே வேண்டாம். முன்பாதியில் ‘மன்னர் பெருமானே, தாங்கள்’. பின்பாதியில் ‘கிழவா, நீ என்ன செய்யப் போகிறாய்’. தோழி சொன்னபடி இங்கே ‘தேவரீர்’ என்று எழுதினால், தன் உயிரைப் பணயம் வைத்து ஒரு மனிதன் செய்யும் துணிவு முழுவதும் காணாமற்போகும். நாடு கடத்தப்பட்டு வெளியேறும்போது, அதே கென்ட் கார்டீலியாவைத் தெய்வங்கள் காக்கட்டும் என்று வாழ்த்தும் வரியிலும் ‘தீ’ வருகிறது. அது முழுக்கப் பரிவு. ஒரே வாயில், சில நிமிட இடைவெளியில், ஒரே சொல் கத்தியாகவும் கைத்தாங்கலாகவும் வருவதைப் பேரனுக்குக் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் உட்பொருள் தேடாதீர்கள். அக்கால மேடையில் ‘யூ’ சாதாரணச் சொல் ஆகிவிட்டிருந்ததால், சில இடங்களில் ஓசைக்காகவும் பழக்கத்தாலும் இரண்டும் கலந்தே வருகின்றன. பேசுபவரின் மனநிலை திரும்புகிற இடத்தோடு பிரதிப்பெயரும் திரும்பினால் மட்டும் நின்று கவனியுங்கள். வினை விகுதிகளும் உதவும்: ‘எஸ்ட்’ என்று முடிந்தால் ‘நீ’ செய்வது, ‘எத்’ என்று முடிந்தால் அவனோ அவளோ அதுவோ செய்வது. உங்கள் மாணவியர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

‘நீர்’ என்ற சொல்லைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் திருநெல்வேலிச் சீமையில் அது ஒத்த வயதினரிடையே இன்றும் புழங்கும் சொல். ஆதலால் லியரின் மருமகன்களாகிய பிரபுக்கள் தமக்குள் பேசும் பேச்சுக்கு அது அழகாகப் பொருந்தும். ‘தௌ’ என்பதற்கு நேராக அதை வைக்க வேண்டாம்.

மீண்டும் சந்திக்கும் காட்சியில், உறக்கம் தெளிந்த லியர் முதலில் கார்டீலியாவை வானுலகில் வாழும் ஓர் ஆவி என்று எண்ணித் ‘தௌ’ என்கிறான். அவள் மகள்தான் என்று தெளிந்ததும், நஞ்சு வைத்திருந்தால் கொடு, குடித்துவிடுகிறேன் என்று சொல்லும்போது ‘யூ’ என்கிறான்; பொறுத்துக்கொள்ள வேண்டும், மறந்து மன்னிக்க வேண்டும் என்று கெஞ்சும்போதும் அதுவே. அவளோ, உறங்கிக்கிடக்கும் தந்தையைப் பார்த்துப் பரிவோடு ‘தௌ’ என்றாலும், அவன் விழித்த பிறகு ஒருமுறைகூட ஏகவசனத்தில் அழைப்பதில்லை. அவன் விழித்த பிறகு வரும் அவளுடைய வரிகளில் ‘தாங்கள்’ என்பதைச் சிறிதும் தளர்த்தாதீர்கள். தந்தையின் வரியை நான் எழுதினால், முதல் காட்சியில் நிறுத்திவைத்த அந்த விளியை இங்கேதான் திருப்பித் தருவேன்: “நீ என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அம்மா.”