1582: பத்து நாள்கள் விடுபட்ட ஆண்டு

கேள்வி: 1582 அக்டோபரில் பத்து நாள்களே இல்லை என்று படித்தேன். உண்மைதானா ஐயா?

பதில்: உண்மைதான். ஸ்பெயின், போர்த்துகல், போலந்து, இத்தாலியின் பெரும்பகுதி ஆகியவற்றில் அக்டோபர் 4, வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. கிழமை மட்டும் முறை தவறாமல் வெள்ளியாகவே வந்தது. ஸ்பெயினின் ஆல்பா தெ தோர்மெஸ் என்ற ஊரில் அந்த வியாழன் இரவு உயிர்நீத்த கத்தோலிக்கத் துறவியும் புனிதருமான அவிலா தெரேசாவை மறுநாளே அடக்கம் செய்தார்கள் என்றாலும், தேதிகளை மட்டும் பார்ப்பவருக்கு இடையில் பதினொரு நாள் தெரியும். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15தான்.

கேள்வி: அப்படிக் கழிக்க வேண்டிய தேவை என்ன?

பதில்: ஜூலியஸ் சீசரின் நாட்காட்டி ஓர் ஆண்டை 365¼ நாள் என்று கொண்டது. சூரிய ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு என்பதால், ஏறக்குறைய 128 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பிழை சேர்ந்து, மார்ச் 21இல் அமைய வேண்டிய வசந்தகாலச் சம இரவு நாள் (பகலும் இரவும் சமமாகும் நாள்) மார்ச் 11க்கு வந்துவிட்டது. ஈஸ்டர் ஞாயிறு அந்த நாளை ஒட்டிக் கணிக்கப்படுவதால் திருச்சபைக்கு இது பெருங்கவலையாயிற்று. போப் பதின்மூன்றாம் கிரிகோரி, பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணையால் திருத்தத்தை அறிவித்தார்.

கேள்வி: பெருமை முழுவதும் போப்புக்குத்தானா?

பதில்: திட்டத்தை வகுத்தவர் தென் இத்தாலியின் கலாப்ரியாவைச் சேர்ந்த மருத்துவர் அலோய்சியஸ் லிலியஸ். நூற்றாண்டு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுபவை மட்டுமே லீப் ஆண்டு என்றார் அவர். 1600 லீப் ஆண்டு, 1700, 1800, 1900 அல்ல. 400 ஆண்டில் மூன்றே நாளைக் குறைத்துக் கணக்கை நேர்செய்யும் அந்த எளிமையை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை. 1576இலேயே அவர் காலமாகிவிட்டதால், சகோதரர் அந்தோனியோவே அத்திட்டத்தின் கையெழுத்துப் படியை ரோமில் ஒப்படைத்தார். இயேசு சபைக் கணித அறிஞர் கிளாவியஸ் பின்னாளில் அதை விரித்துரைத்து, எதிர்ப்பாளர்களுக்கும் விடை எழுதினார்.

கேள்வி: கடன் தவணைகள் என்னவாயின?

பதில்: யாருக்கும் நட்டம் வராதபடி, தவணை நாளுடன் பத்து நாள் கூட்டிக்கொள்ளுமாறு அதே ஆணை நீதிபதிகளுக்கு அறிவுறுத்தியது.

கேள்வி: ஷேக்ஸ்பியர் மணம் செய்ததும் அந்த ஆண்டில்தானே?

பதில்: ஆம். 18 வயது ஷேக்ஸ்பியரின் திருமண உரிமம் வூஸ்டர் ஆயரின் பதிவேட்டில் நவம்பர் 27 என்ற தேதியில் உள்ளது. இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே வைத்திருந்ததால், அதே நாள் ரோமில் டிசம்பர் 7 ஆகும். பிரான்சோ டிசம்பர் 9க்கு அடுத்த நாளை 20 ஆக்கிய பிறகே ரோமுடன் இணைந்தது. ஆகவே 1582இன் கடைசி மாதங்களைப் பற்றி எழுதுவோர், எந்த நாட்டுத் தேதி என்பதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும்.