மடக்கு ஸ்மார்ட்போன் அன்றாடப் பயன்பாட்டுக்கு வாங்கலாமா?

மடக்கு போன் தினசரி பயன்பாட்டுக்குத் தாங்குமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். ஆனால் பெரும்பாலானோருக்கு அந்தக் காசு தண்டம்தான்.

மடித்து மடித்தே கெட்டுவிடும் என்ற பயம் பழையது. 2019-இல் சாம்சங்கின் முதல் மடக்கு போனான ஃபோல்டு, விமர்சகர்கள் கையிலேயே திரை பழுதாகி, வெளியீடே தள்ளிப்போனது. 2025-இல் வந்த ஃபோல்டு 7-இன் திரையை 5 லட்சம் முறை மடிக்கலாம் என்கிறது சாம்சங். தினம் நூறு தடவை மடித்தாலும் 13 வருடம் வரும். அதற்குள் பேட்டரியே படுத்துவிடும்!

கவலைப்பட வேண்டியது உள்திரையைப் பற்றி. விரல் படுவது கண்ணாடியில் இல்லை, மெல்லிய கண்ணாடிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தில். நகம் அழுந்தினாலே தடம் விழலாம். அப்புறம் தூசி. ஃபோல்டு 7-இன் தூசி, நீர் தடுப்புத் தரக்குறியீடு ஐபி48. இதில் 8 என்பது தண்ணீருக்கு. 4 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துகள்களை மட்டுமே தடுக்கும். கடற்கரை மணல் அதைவிடப் பொடிசு. அதில் ஒன்று உள்ளே இருக்க, போனை மூடி அழுத்தினால் போச்சு.

இந்தியாவில் ஃபோல்டு 7-இன் அறிமுக விலை 1,74,999 ரூபாய். உள்திரை மாற்றும் செலவில் நல்ல சாதாரண போனே வாங்கலாம் என்பதால் காப்பீடு இல்லாமல் இதைத் தொடவே கூடாது. ரயிலில் உட்கார்ந்து எக்செல், பிடிஎஃப் என்று வேலை பார்ப்பவரா? சரி, வாங்குங்கள். வாட்ஸ்அப், யூடியூப், வங்கிச் செயலி மட்டும்தான் என்றால் பெரிய திரையைத் திறக்கவே மாட்டீர்கள்.